எங்க அண்ணனுக்கு அழுத ஊரு

எங்க அண்ணன் அர்த்தநாரி செத்தப்ப அழுதது திருச்செங்கோடு இல்லைங்க. மெக்சிகோ நாட்டுல சான் லாசரோன்னு ஒரு ஊரு, அந்த ஊருதான் அழுதுச்சு. அந்த ஊர்க்காரங்க எங்க அண்ணனப் பாத்ததில்ல, பேரு கேட்டதில்ல, இந்தியா எந்தத் திசையில இருக்குன்னு கேட்டா பாதிப் பேரு கடலக் காட்டுவாங்க, மீதிப் பேரு வானத்தக் காட்டுவாங்க. ஆனா மூணரை மாசம் அழுதாங்க. நம்பறவங்க நம்புங்க. நம்பாதவங்க நம்ம பட்டறைப் பக்கம் வந்தா ஒரு டீ வாங்கித் தர்றேன், குடிச்சுப்போட்டு நம்பாமயே போங்க.

எங்களுக்கு லாரிக்குப் பாடி கட்டற பட்டறை. அண்ணன் மரவேலை பாப்பாரு, நான் வெல்டிங். அஞ்சு வருசம் மூத்தவரு, அவரு செவப்பு, நான் கருப்பு, அவரு பேசறது எண்ணி எண்ணிப் பேசுவாரு, எனக்கு வாய் மூடாது, மூஞ்சியப் பாத்தா கூடப் பொறந்தவங்கன்னு ஒருத்தனும் சொல்ல மாட்டான். ஆனா குரல் மட்டும் ஒண்ணு. ஃபோன்ல பேசினா யாரு அர்த்தநாரி, யாரு நல்லசிவம்னு கட்டின பொண்டாட்டிக்கே தெரியாது. எங்க அண்ணியே ரெண்டு தடவ வீட்டுக்கு முருங்கைக்காய் வாங்கிட்டு வரச் சொல்லி என்கிட்டச் சொல்லி, நானும் வாங்கிட்டுப் போய்க் குடுத்திருக்கறேன்.

அண்ணனுக்கு ஒரே பொண்ணு, தாரணி. எங்களுக்கெல்லாம் பாப்பா. கோயமுத்தூர்ல சிவில் எஞ்சினியரிங் மூணாவது வருசம். அந்தக் காலேஜ்ல வருசத்துக்கு ரெண்டு பேர மெக்சிகோவுக்கு ஒரு செமஸ்டர் படிக்க அனுப்புவாங்களாம், பாப்பா ஒரு வருசம் அந்த ஸ்பானிஷ் பாஷையப் படிச்சு, பரீட்சை எழுதி, அதுல வந்துட்டா. ஆடி மாசக் கடைசியில ஏறிப் போனா. அண்ணன் பட்டறைக்கு வர்ற ஒவ்வொரு லாரி டிரைவர்கிட்டயும் சொன்னாரு. நாக்பூர்ல இருக்கறவனுக்கெல்லாம் எங்க பாப்பா மெக்சிகோ போனது தெரியும்.

ஆவணி மாசம் பன்னெண்டாந் தேதி, வியாழக்கிழமை, சாயங்காலம் ஏழு மணி. தேக்குப் பலகைய இழைச்சுட்டு இருந்த மனுசன் நெஞ்சப் புடிச்சுட்டு அந்தப் பலகை மேலயே உக்காந்தாரு, சாஞ்சாரு, முடிஞ்சுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனது சும்மா நம்ம மனசுக்கு.

சொந்தபந்தம், ஒறம்பரைச் சனம் வந்து கூடினதும் எடுத்த மொத முடிவு என்னன்னா, பாப்பாவுக்குச் சொல்ல வேண்டாம்ங்கறதுதான். நம்ம ஊர்ல இது புதுசா? பரீட்சை முடியட்டும், வேலையில சேரட்டும், குழந்தை பொறக்கட்டும்னு எத்தன சாவ எத்தன பேருக்கு நாம மறைச்சு வெச்சிருக்கோம். இப்பச் சொன்னா ஓடி வந்துரும், வந்தாலும் மூஞ்சி பாக்க முடியாது, செமஸ்டர் போயிரும், அண்ணன் ஊரெல்லாம் சொன்னது பொய்யாப் போயிரும். பெரிய மாமன் சொன்னாரு, அத்தை தலையாட்டுச்சு, அண்ணி ஒண்ணும் சொல்லல, நான் சரின்னேன். நான் சரின்னு சொன்னத இங்க ஒளிக்க மாட்டேன். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒண்ணுகூடக் கட்ட விடல, எவனாச்சும் ஃபோட்டோ புடிச்சு ஸ்டேட்டஸ் வெச்சா அங்க போய்ச் சேந்துரும்னு. பட்டறை சங்கத்துக்காரங்க அடிச்சுட்டு வந்த ஃபிளெக்ஸ நானே வாங்கிச் சுருட்டி மாட்டுக் கொட்டாய் மேல போட்டேன்.

இதுல என்ன ஆச்சுன்னா, அழுகையும் வரல. மோளம் இருந்துச்சு, ஒப்பாரி இருந்துச்சு, பொம்பளைங்க கட்டிப் புடிச்சு மாரடிச்சாங்க, ஆனா ஒரு கண்ணுலயும் தண்ணி இல்ல. அண்ணி நெட்டுக்குத்தா உக்காந்திருந்துச்சு. நான் கொள்ளி வெச்சுட்டுத் திரும்பறப்ப கண்ணக் கசக்கிப் பாத்தேன், மணல் மாதிரி காஞ்சு கெடந்துச்சு. துக்கம் தாங்காம கல்லாயிட்டாங்கன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க. துக்கமும் இல்லைங்க. ஒண்ணுமே இல்ல. பல்லுப் புடுங்க ஊசி போட்டா ஈறு எப்படி இருக்கும், அப்படித்தான் இருந்துச்சு.

மூணாவது நாளு ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் ஆறரைக்கு அண்ணியோட ஃபோன் அடிச்சுது. வாராவாரம் பாப்பா பேசற நேரம் அது, அவளுக்கு அங்க காலைல ஏழு. வீட்டுல இருவது பேரு உக்காந்திருக்கோம், ஒருத்தரும் தொடல. விட்டா திரும்பத் திரும்ப அடிப்பா. அப்பா தூங்கறாரு, அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லி வெச்சரலாம்னுதான் நான் எடுத்தேன். எடுத்து, ஹலோன்னேன். அந்தப் பக்கம் அவ, அப்பான்னா.

நான் சித்தப்பான்னு சொல்லியிருக்கணும். அதுல என்ன கஷ்டம், சொல்லுங்க. நான் சொன்னது, "சொல்லு பாப்பா."

அவ்வளவுதான், அதுக்கப்புறம் பதினாறு ஞாயித்துக்கிழமை நான்தான் அர்த்தநாரி. அண்ணன் உயிரோட இருந்தப்பவே வீடியோவுல பேசத் தெரியாம விட்டத்தக் காட்டிட்டு உக்காந்திருப்பாரு, அதனால முகம் காட்டாதத அவ பெருசா எடுத்துக்கல. நான் எண்ணி எண்ணிப் பேசக் கத்துக்கிட்டேன். தேக்கு வெலை ஏறிப் போச்சுன்னேன், நல்லசிவம் வெல்டிங்ல பொறுப்பில்லாம இருக்கறான்னு என்னையே திட்டினேன். ரெண்டாவது வாரத்துல இருந்து அண்ணி ஆறே காலுக்கே வந்து என் பக்கத்துல சேர் போட்டு உக்காந்துக்கும். பாப்பா அம்மாவக் கேட்டா நான் ஏதாச்சும் சாக்குச் சொல்லுவேன், அண்ணி பேசாது. கேக்கும். நான் ஃபோன வெச்சதும் எந்திரிச்சு உள்ள போயிரும். அண்ணனுக்காக ஒரு சொட்டு எனக்கு வரலையேன்னு மத்தவங்க கேப்பாங்க. அண்ணனா இருக்கறவன் அண்ணனுக்கு எப்படிங்க அழறது?

அங்க நடந்ததெல்லாம் அவ ஃபோன்ல சொல்லித்தான் எனக்குத் தெரியும். கத்திரிக்காய் வெலை சொல்ற மாதிரி சொல்லுவா, ஏத்த எறக்கம் இருக்காது. அவ தங்கியிருந்தது எல்பீதியான்னு ஒரு பொம்பளை வீட்டுல. அறுவது வயசு, சோளமாவு மில் வெச்சிருக்கற பொம்பளை, ஊரே அவ மாவுலதான் ரொட்டி சுடும். அந்த வியாழக்கிழமை காலைல, அவங்களுக்கு மணி ஏழரை, எல்பீதியா பாப்பா தட்டுல ரெண்டாவது ரொட்டியப் போடறப்ப அந்தம்மாவுக்குக் கண்ணுல இருந்து தண்ணி கொட்டியிருக்கு. வெங்காயம் நறுக்கல, பொகை இல்ல, மனசுல ஒரு கவலையும் இல்ல. முந்தானை மாதிரி கட்டியிருந்த துணியில தொடைச்சுட்டு மூணாவது ரொட்டியப் போட்டுச்சாம். பாப்பா காலேஜுக்குக் கெளம்பி வாசல் தாண்டினதும் நின்னு போச்சு. சாயங்காலம் அவ உள்ள வந்ததும் மறுபடி ஆரம்பிச்சுது.

பத்தடிங்க. பாப்பாவச் சுத்தி பத்தடிக்குள்ள யாரு வந்தாலும் அழுவாங்க, பத்தடி தாண்டினா மூக்கச் சிந்திட்டுத் தன் வேலையப் பாப்பாங்க. பாப்பாவுக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. "எனக்கு ஒண்ணுமே தோணலப்பா, சாப்பாடுகூட காகிதம் மாதிரி இருக்கு"ன்னா.

நம்ம ஊரா இருந்தா அவள வீட்டுக்குள்ள பூட்டி வெச்சு நாலு கோயிலுக்கு இழுத்துட்டுப் போயிருப்போம். அந்த ஊர்க்காரங்க அப்படிப் பண்ணல. பஸ் டிரைவரு ஒரு நாளு ரோடு தெரியாம வேலியில கொண்டு போய் முட்டினான், மறுநாள்ல இருந்து கடைசி சீட்ட அவளுக்குன்னே ஒதுக்கி ஜன்னலத் தொறந்து வெச்சான், கடைசி மூணு வரிசையில உக்காந்தவங்க அழுதுட்டே போனாங்க, அழ வேண்டாம்ங்கறவங்க முன்னால நின்னுட்டுப் போனாங்க. காலேஜ்ல அணைக்கட்டுப் பாடம் எடுக்கற வாத்தியாரு ஒரு கையில சாக்பீஸ், ஒரு கையில கைக்குட்டையோட எடுத்தாரு. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாங்க, அவரு அவ நாடியப் புடிச்சுட்டு அழுது, சீட்டு எழுதினா மை கரைய, வேற சீட்டு எடுத்து, ஒடம்புல ஒரு கோளாறும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாரு. சர்ச்சுல சாமியாரு அவள மொத வரிசையில உக்கார வெச்சுப் பாத்தாரு, திருவிழாவுக்குப் பந்தல் போடற அறிவிப்பப் படிக்கறப்பத் தேம்பித் தேம்பி அழுது, அதுல இருந்து பாட்டுக்காரங்க பக்கம் மாத்திட்டாரு, அன்னில இருந்து அந்த ஊர்ப் பாட்டுக்கு ஒரு தனி உருக்கம் வந்துச்சுன்னு பேசிக்கிட்டாங்களாம்.

நான் அண்ணன் குரல்ல ஒரு வைத்தியம் சொன்னேன். கண்ணு பட்டிருக்கும் பாப்பா, கல்லுப்பும் வரமொளகாயும் எடுத்து மூணு சுத்துச் சுத்தி அடுப்புல போடச் சொல்லுன்னேன். எல்பீதியா அந்த ஊரு மொளகாய ஒரு கை நெறைய எடுத்துச் சுத்திப் போட்டுச்சாம். அந்த நெடியில பத்தடி என்ன, நாலு தெருவும் இருமி இருமி அழுதுச்சு. அடுத்த வாரம் அத அவ சொன்னப்ப நான் சிரிச்சுட்டேன். அவ சிரிக்கல.

அப்புறம் எவாரிஸ்தோன்னு ஒரு கறிக்கடைக்காரரு. அவரு மகன் வடக்க, அமெரிக்காவுக்கு வேலைக்குன்னு போயிப் பதினொரு வருசம், உயிரோட இருக்கறானா இல்லையான்னு ஒரு தகவல் இல்ல. செத்தான்னு தெரிஞ்சா அழலாம், தெரியாதவன் எப்படி அழறதுன்னு அந்த மனுசன் பதினொரு வருசமா அப்படியே கத்தியத் தீட்டிட்டு இருந்தாரு. அவரு ஒரு செவ்வாக்கிழமை தன் கடை நாற்காலியத் தூக்கிட்டு வந்து எல்பீதியா வாசல்ல, பாப்பா படிச்சுட்டு இருக்கற பெஞ்சுக்குப் பக்கத்துல போட்டு உக்காந்து, ஒரு காப்பி குடிக்கற நேரம் அழுதுட்டு, நாற்காலியத் தூக்கிட்டுப் போயிட்டாரு. அடுத்த செவ்வாக்கிழமையும் வந்தாரு. அவரப் பாத்து மத்தவங்களும் வந்தாங்க. புருசன் விட்டுட்டுப் போனவ, குழந்தை தங்காதவ, என்னத்துக்குன்னே தெரியாதவன், எல்லாரும் அவங்கவங்க நாற்காலியோட வந்தாங்க. எல்பீதியா முறை போட்டு உக்கார வெச்சுச்சு. வர்றவங்க கொய்யாப்பழம், ரொட்டி, ஒருத்தன் உயிரோட ஒரு கோழி, இப்படிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போவாங்க. ஊராட்சியில கூடிப் பேசி, கல்யாணத்துல அந்தப் பொண்ணக் வாசக் கதவுகிட்டயும் எழவுல முன் வரிசையிலயும் உக்கார வெக்கறதுன்னு முடிவு பண்ணி சுவத்துல ஒட்டினாங்க. அவ நடுவுல உக்காந்து அணைக்கட்டுக் கணக்குப் போட்டுட்டு இருப்பா. எல்லாரும் அழுதுட்டு மனசு லேசாப் போறாங்கப்பா, எனக்கு மட்டும் என்னன்னு தெரியல, ஏதோ ஒண்ணு மறந்துட்ட மாதிரியே இருக்குன்னா. நான், நல்லா சாப்பிடு, தூங்குன்னு சொல்லி வெச்சேன்.

ஐப்பசி பொறந்து தீபாவளி போச்சு. அண்ணனில்லாத தீபாவளிக்கு அண்ணன் குரல்ல நான்தான் அவளுக்கு நல்வாழ்த்துச் சொன்னேன்.

நவம்பர் மாசம் ரெண்டாந் தேதி அந்த ஊர்ல செத்தவங்களுக்குப் படையல் போடற நாளு. வீட்டு வீட்டுக்கு மேசை போட்டு, செண்டுமல்லிப் பூவக் கொட்டி, செத்தவங்க ஃபோட்டோ வெச்சு, அவங்களுக்குப் புடிச்ச பண்டம் செஞ்சு வெப்பாங்களாம். நம்ம அமாவாசைப் படையல்தான், காக்கா மட்டும் இல்ல. அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. ஆறரைக்கு ஃபோன் வந்துச்சு, அண்ணி சேர்ல உக்காந்திருந்துச்சு. எடுத்தா, பாப்பா குரலுக்குப் பின்னால ஒரு கூட்டமே விசும்பற சத்தம்.

தெருவே வந்து எல்பீதியா வீட்டு மேசையச் சுத்தி நின்னுட்டு இருந்திருக்கு. நடுவுல ஃபோட்டோ இல்லாத ஒரு சட்டம். அந்தம்மாவுக்கு ரொம்ப நாளாவே ஒரு யோசனை. இத்தனை அழுகை சும்மா வராது, இது யாரோ ஒரு சாவுக்குச் சேர வேண்டிய அழுகை, அந்த ஆளு பேரத் தெரிஞ்சுக்காமயே நாம அழுதுட்டு இருக்கோம், பேரில்லாம கூப்பிட்டா அவரு எந்த வீட்டுக்குன்னு வருவாருன்னு. பாப்பா இத மொதல்ல எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னா. அப்புறம் கேட்டா.

"நம்ம வீட்டுல யாரு செத்துப் போனாங்கன்னு கேக்கறாங்கப்பா."

நான் அண்ணியப் பாத்தேன். அண்ணி மடியில கெடந்த தன் கையப் பாத்துட்டு இருந்துச்சு. சொல்லியிருக்கலாம். அந்த ஊரே கூட நின்னுச்சு, அவள ஏந்திக்க அத்தன கை இருந்துச்சு, இத விட நல்ல நேரம் கெடைக்காது. ஆனா எந்த வாயால சொல்றது? நான் செத்துட்டேன் பாப்பான்னு அந்தக் குரல்லயே சொல்ல முடியுமா? யாருமில்லைன்னு சொல்லலாம்னா, அந்தக் கூட்டம் விசும்பறது காதுக்குள்ள வந்துட்டே இருக்கு, பொய் சொல்றியான்னு அது ஒவ்வொண்ணும் கேக்கற மாதிரி இருந்துச்சு. ஒரு பேரு வேணும். என் வாய்ல ஒரு பேரு வந்துச்சு.

"உங்க சித்தப்பா தவறிட்டாரு பாப்பா. பரீட்சை நேரம்னு சொல்லல."

 அவ, "அப்படியா"ன்னா. அவ்வளவுதான். சின்ன வயசுல லாரி டயர்ல உக்கார வெச்சு ஊஞ்சல் ஆட்டினவன் நான், எனக்கு அப்படியான்னு ஒரு வார்த்தை. எனக்கு மனசுக்குச் சங்கடமாப் போச்சு, பொய் சொன்னவனுக்கு இந்த ரோசம் எதுக்குன்னு நீங்க கேக்கலாம். அவங்க நல்லசிவம்னு பேரெழுதிச் சட்டத்துல வெச்சாங்க. எனக்குப் புடிச்சது என்னன்னு கேட்டாங்க, பாப்பா பக்கோடான்னு சொல்ல, சோளமாவுல என்னமோ பண்ணி வெச்சாங்களாம். எங்க வீட்டுக்காரி கலாமணி இதக் கேள்விப்பட்டுட்டு, உசுரோட இருக்கற மனுசனுக்குப் படையல் போட வெச்சியான்னு, கரண்டியக் கீழ வெக்காமலே ரெண்டு நாளு பேசுச்சு. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த நடத்தலாம்ங்கறாங்க, எத்தன பொய் சொன்னாலும் ஒரு சாவ மறைக்க முடியறதில்ல.

பேர வெச்சதும் அழுகை நின்னுருக்கணுமில்ல? நிக்கல. அடுத்த வாரம் எல்பீதியா சட்டத்துல இருந்து என் பேரெடுத்து மடிச்சு டப்பாவுல போட்டுட்டுச் சொல்லுச்சாம், இந்த ஆளு நல்ல மனுசனா இருக்கலாம், ஆனா நாங்க அழறது இவருக்கில்ல. பாப்பா அதையும் கத்திரிக்காய் வெலை மாதிரி என்கிட்டச் சொன்னா. நான் சிக்னல் சரியில்லைன்னு வெச்சுட்டேன்.

மார்கழி மூணாந் தேதி அவ வந்து எறங்கற நாளு. சான் லாசரோ பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊரே வந்து, பத்தடிக்குள்ள நின்னு, அழுது அனுப்பி வெச்சுதாம். கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும்தான் போனேன், அண்ணிய அந்தக் கோலத்துல கூட்டிட்டுப் போக முடியாது. என்னென்ன எப்படிச் சொல்றதுன்னு எல்லாம் பக்குவமா யோசிச்சு வெச்சிருந்தேன். அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு ஆரம்பிக்கறது, அவினாசிகிட்ட வண்டிய நிறுத்தி ரெண்டு இட்லி சாப்பிட வெக்கறது, பெருந்துறை தாண்டினதும் மிச்சத்தச் சொல்றது, வீட்டுக்குள்ள போறப்ப மாலை போட்ட ஃபோட்டோவப் பாத்து அதிராம இருக்கணும். ஒறம்பரை அத்தன பேரும் கூடி உக்காந்து பேசின திட்டம். நான் உட்பட ஒருத்தருக்கும் ஒண்ணு மட்டும் ஞாபகம் வரல.

கண்ணாடிக் கதவு தொறந்துச்சு. அவள விட அவளச் சுத்தி வந்தவங்கதான் மொதல்ல தெரிஞ்சாங்க. கோட்டுப் போட்ட ஒரு ஆளு, கைக்குழந்தைக்காரி, ஏர்போர்ட் போலீஸ்காரரு ஒருத்தரு, எல்லாரும் பொலபொலன்னு கண்ணீர் விட்டுட்டே வந்தாங்க. நடுவுல இவ, எளைச்சு, தள்ளுவண்டியத் தள்ளிட்டு, மூஞ்சியில ஒண்ணுமில்லாம, அப்பனத் தேடிட்டு வந்தா. நான் கையத் தூக்கினேன்.

"வா பாப்பா."

அந்தக் குரலுக்குத்தான் திரும்பினா. திரும்பி, முகத்தப் பாத்தா. நான் சிரிச்சுட்டு நின்னேன். அவ நடை நின்னு போச்சு, தள்ளுவண்டி தானா ரெண்டடி உருண்டு என் கால்ல வந்து முட்டுச்சு. அப்பத்தாங்க எனக்கு ஞாபகம் வந்துச்சு, நான் செத்துப் போனவன்னு.

அவ ஒண்ணும் கேக்கல. கேக்க என்ன இருக்கு? வீட்டுல சாவு ஒண்ணு, ஒரே குரல்ல பேசறவங்க ரெண்டு பேரு, அதுல ஒருத்தன் எதிர்ல நின்னு பல்லக் காட்டிட்டு இருக்கறான். போலீஸ்காரரு கண்ணத் தொடைச்சுட்டு, தொடைச்ச கையப் பாத்தாரு. கைக்குழந்தைக்காரி மூக்க உறிஞ்சிட்டு வேகமா நடந்து போனா. சுத்தி இருந்த ஒவ்வொருத்தருக்கும் நின்னு போச்சு, நின்னு போயி, அவ வாய் ஒரு பக்கமாக் கோணுச்சு. அந்த எடத்துலயே, அத்தன காலுங்க நடக்கற எடத்துல, தரையில உக்காந்தா பாருங்க. மூணரை மாசமா ஒரு ஊரு அழுது தீக்க முடியாதத அவ ஒருத்தியா அழுதா. நான் அவ பக்கத்துல குந்தினேன். எனக்குக் கண்ணு இன்னும் காஞ்சுதான் கெடந்துச்சு. எல்லாம் உன் நல்லதுக்குத்தான் கண்ணு, உங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாரு, அதனாலதான்னு பேச ஆரம்பிச்சேன். அவ என் வாய் மேல கைய வெச்சு அழுத்தினா.

"பேசாதீங்க சித்தப்பா"ன்னா. "அப்பா பேசற மாதிரியே இருக்கு."